நீலத்தின் விலை



‘இயற்கையிலும் கலையிலும் நிறம்’ என்று இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். பெரிய தலைப்பு. எல்லா நிறங்களையும் தொட்டுக்கொண்டு போனால் எதைப் பற்றியும் உருப்படியாகச் சொல்ல முடியாது. அதனால் நீலத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தலைக்கு மேலேயும் கடற்கரையிலும் கொட்டிக் கிடப்பதாகத் தோன்றும் நிறம் அது. கையில் பிடிக்கப் போனால் அகப்படாது. அதைப் பிடிப்பதற்காக மனிதர்கள் மலையைக் குடைந்திருக்கிறார்கள், இலையை ஊறப்போட்டு அழுகவிட்டிருக்கிறார்கள், குடியானவனை நிலத்தோடு கட்டிப்போட்டிருக்கிறார்கள்.

முதலில் ஒரு மறுப்பைச் சொல்லிவிடுகிறேன். சிவப்பு கோபம், வெள்ளை தூய்மை, நீலம் அமைதி என்று நிறங்களுக்குப் பொருள் சொல்லும் பட்டியல் ஒன்று நம்மிடையே உலவுகிறது. பெயிண்ட் விளம்பரத்தில் இருக்கிறது, ராசிபலன் பக்கத்தில் இருக்கிறது, வருத்தம் என்னவென்றால் கலை வரலாற்றுப் பாடநூல்களிலும் இருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரு நிறத்தைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்டால் போதும் என்று நினைக்கிறேன். அது யாருடைய கண்ணுக்காக இருக்கிறது? எதிலிருந்து, யாருடைய உழைப்பில், என்ன விலையில் வந்தது? முதல் கேள்வி இயற்கைக்கு, இரண்டாவது கலைக்கு. நிறத்தின் பொருள் என்று நாம் சொல்வதெல்லாம் இந்த இரண்டுக்கும் பின்னால் வந்து சேர்வதுதான்.

கண்ணிலிருந்து தொடங்குவோம். நம் வீட்டு வாசல்களில் படர்ந்திருக்கும் ரங்கூன் மல்லியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மாலையில் வெள்ளையாக விரிகிறது. மறுநாள் இளஞ்சிவப்பு, அதற்குப் பிறகு நல்ல சிவப்பு. ஒரே கொத்தில் மூன்று நிறமும் தொங்கும். அந்தியில் விரியும் வெள்ளைப்பூ இரவு அந்துப்பூச்சிக்கானது. அரையிருளில் அதற்குத் தெரிவது வெள்ளைதான். பகலில் வரும் விருந்தாளிகள் வேறு. பூவும் அதற்கேற்ப உடை மாற்றிக்கொள்கிறது. இந்த ஏற்பாட்டில் நமக்கு இடமில்லை. நாம் வேடிக்கை பார்க்கிறவர்கள்.

தேனீயின் கண் புற ஊதா, நீலம், பச்சை ஆகிய மூன்றையும் வாங்கும், சிவப்பை வாங்காது. தேனீக்கு நிறம் தெரியும் என்பதையே ஒரு காலத்தில் பெரிய விஞ்ஞானிகள் மறுத்தார்கள். கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1914-ல் சாம்பல் அட்டைகளுக்கு நடுவே ஒரு நீல அட்டையை வைத்து, தேனீக்கள் அதையே தேடி வருவதைக் காட்டி வாதத்தை முடித்தார். பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1973-ல், அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்னொரு பக்கம் புலியைப் பாருங்கள். நமக்குப் பளீரென்ற செம்மஞ்சள். இவ்வளவு பகட்டாக உடுத்திக்கொண்டு அது எப்படி வேட்டையாடுகிறது என்று குழந்தைகள் கேட்பார்கள், நியாயமான கேள்வி. மானின் கண்ணில் சிவப்பைத் தனியாகப் பிரிக்கும் உணர்கூம்பு இல்லை. அதற்குப் புலியும் புதரும் ஒரே நிறம். காளைச் சண்டையில் நிற்கும் காளைக்கும் கதை அதேதான். சிவப்புத் துணியைக் கண்டு அது வெகுண்டதே இல்லை, துணியின் அசைவைக் கண்டுதான் வெகுண்டது.

இனி நீலத்துக்கு வருகிறேன். வயல் பக்கம் மின்கம்பியில் பனங்காடை உட்கார்ந்திருக்கும்போது மங்கலான பழுப்புப் பறவை. எழுந்து பறந்தால் இறக்கையில் இரண்டு மூன்று வகை நீலம் விசிறிபோல் விரியும். விழுந்து கிடக்கும் அதன் இறகு ஒன்றை எடுத்து அம்மியில் வைத்து நன்றாக நசுக்கிப் பாருங்கள். நீலம் போய்விடும், கருப்பும் பழுப்புமான தூள்தான் மிஞ்சும். காரணம், அந்த இறகில் நீலச்சாயம் ஒரு துளிகூட இல்லை. இறகின் கெரட்டினுக்குள் பஞ்சு போல் நுண்துளைகள் இருக்கின்றன. துளைகளின் இடைவெளி நீல ஒளியின் அலைநீளத்துக்குப் பொருந்துகிறது. நீல அலைகள் மட்டும் ஒன்றுக்கொன்று வலுச்சேர்த்துக்கொண்டு வெளியே வருகின்றன. மற்றதை அடியில் இருக்கும் கருநிறமி விழுங்கிவிடுகிறது. மயில் தோகையும் ஏறக்குறைய இப்படித்தான். அங்கே மெலனின் குச்சிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன, வரிசையின் இடைவெளி கொஞ்சம் மாறினால் நீலம் பச்சையாகிறது, இன்னும் மாறினால் பழுப்பாகிறது. ராபர்ட் ஹூக் 1665-லேயே மயிலிறகைத் தன் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, நனைத்தால் நிறம் மறைகிறது என்று எழுதிவிட்டார். சாயமாக இருந்தால் ஏன் மறைய வேண்டும்?

கிளியின் பச்சைகூட முழுப் பச்சை கிடையாது. கீழே இந்த அமைப்பு தரும் நீலம், மேலே மஞ்சள் நிறமி, இரண்டும் சேர்ந்து பச்சை. கூண்டில் விற்கும் லவ் பேர்ட்ஸில் சில நீலமாக இருப்பதன் ரகசியம் இதுதான். அவற்றுக்குப் புதிதாக எதுவும் வரவில்லை, மஞ்சள் போய்விட்டது, அவ்வளவே.

முதுகெலும்பு உள்ள விலங்குகளில் உண்மையான நீல நிறமி இருப்பது மிக அரிது. மாண்டரின் மீன் போன்ற ஒன்றிரண்டைத்தான் சொல்ல முடிகிறது. தாவரங்கள் கொஞ்சம் பரவாயில்லை. நம் சங்குப்பூவில் நீலம் கரைந்து வரும். ஆனால் அதில் எலுமிச்சையைப் பிழிந்தால் ஊதாவாகிவிடும். அமிலம் மாறினால் ஆளே மாறிவிடும் நிறம் அது. ஓவியனுக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

பனங்காடையைப் பற்றி நான் சொன்னதில் ஒரு பங்கு திருச்சியில் பிறந்த ஒருவருக்கு உரியது. சர் சி. வி. ராமன் 1930-களின் நடுவில் இந்தப் பறவையின் இறகுகளை ஆராய்ந்தார். வானம் நீலமாக இருக்கும் அதே காரணத்தால்தான் இறகும் நீலம் என்று அப்போது எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். துகள்கள் ஒளியைத் தாறுமாறாகச் சிதறடிக்கின்றன, குறுகிய அலைநீளம் அதிகம் சிதறுகிறது என்ற விளக்கம். ராமனுக்கு அது போதவில்லை, ஒளி அலைகள் ஒன்றோடொன்று கூடுவதும் இதில் இருக்க வேண்டும் என்று அவர் ஐயப்பட்டார். எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்து இறகின் உள்ளமைப்பைக் காட்டிய பிறகு அந்த ஐயம் சரியென்று ஆனது.

ராமன் என்றதும் பள்ளிக்கூடத்தில் படித்த கடல் கதை நினைவுக்கு வரும். 1921-ல் இங்கிலாந்து போய்விட்டு எஸ். எஸ். நர்குண்டா கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. கடல் நீலம் வானத்தின் பிரதிபலிப்புதான் என்று இயற்பியலாளர் ராலே பிரபு சொல்லியிருந்தார். ராமன் தன்னிடமிருந்த நிக்கோல் பட்டகத்தைச் சரியான கோணத்தில் பிடித்து, நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியை அறுத்துவிட்டுப் பார்த்தார். நீலம் மறையவில்லை, முன்னைவிட ஆழமாகத் தெரிந்தது. பம்பாய்த் துறைமுகத்திலிருந்தே ‘நேச்சர்’ இதழுக்குக் கடிதம் போய்விட்டது. அந்தத் தேடலின் தொடர்ச்சிதான் 1928 பிப்ரவரி 28-ல் கண்டறிந்த ராமன் விளைவும் 1930-ன் நோபல் பரிசும். கதையின் கடைசிப் பகுதியைப் பள்ளிகளில் விட்டுவிடுகிறார்கள். நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதே கடலின் நீலத்துக்குக் காரணம் என்று ராமன் கருதினார். தண்ணீர் சிவப்பு ஒளியைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்குகிறது என்பதுதான் அதைவிடப் பெரிய காரணம் என்று இன்று தெரியும். இதைச் சொல்வதால் ராமனின் மதிப்பு குறையாது. பெரியவர் சொன்னதைக் கேள்வி கேட்டு, கருவியை எடுத்துக் கண்ணில் வைத்ததுதான் அவர் செய்த காரியம். நாமும் அவரை அப்படி நடத்துவதே மரியாதை.

ஆக இயற்கை நீலத்தைப் பெரும்பாலும் கட்டடக் கலையால் செய்கிறது, நசுக்கினால் இடிந்துவிடுகிறது. மனிதனுக்கு வேண்டியதோ நசுக்கினாலும் நிற்கிற நீலம். ஓவியன் அரைத்துத்தான் ஆக வேண்டும். காவி மண் காலடியில் கிடக்கிறது, கரி அடுப்பில் கிடக்கிறது, சுண்ணாம்பு கிளிஞ்சலில் இருக்கிறது. இவற்றைக் கொண்டு குகைச் சுவர்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வரைந்தாயிற்று. நீலம் மட்டும் வரவில்லை. எகிப்தியர்கள் மணல், சுண்ணாம்பு, செம்பு மூன்றையும் சுட்டு ஒரு நீலத்தைச் செய்தார்கள், மனிதன் செய்த முதல் செயற்கை நிறமி அதுதான். மற்றவர்களுக்கு இருந்த வழிகளில் மிகச் சிறந்தது ஒன்று. அது வடகிழக்கு ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலையில் இருந்தது.

அங்கே சர்-இ-சங் என்ற இடத்தில் லாபிஸ் லாசுலி என்னும் நீலக்கல் ஆறாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வெட்டப்படுகிறது. ஐந்தாம் நூற்றாண்டு அஜந்தா ஓவியங்களின் நீலம் அந்தக் கல்தான். சுவரில் உள்ள மற்ற நிறங்கள் பெரும்பாலும் உள்ளூர் மண், நீலம் மட்டும் மலைகளைத் தாண்டி வந்தது. சித்தன்னவாசல் தாமரைக் குளத்தின் நீலத்துக்கும் அதே கல்லைத்தான் ஆய்வாளர்கள் குறிப்பிட்டிருக்கிறார்கள். புதுக்கோட்டைப் பாறைக்கும் பதக்‌ஷானுக்கும் நடுவே எத்தனை சந்தைகள், எத்தனை கைகள் என்று யோசித்துப் பார்க்கலாம். ஒன்பதாம் நூற்றாண்டில் அந்தக் குடைவரைக்குத் திருப்பணி செய்த மதுரை ஆசிரியர் இளங்கௌதமனின் பெயரைக் கல்வெட்டு சொல்கிறது. நீலம் வாங்கியவன் பெயரைச் சொல்லவில்லை.

அந்தக் கல்லை அப்படியே அரைத்தால் சாம்பல் பூத்த தூள்தான் வரும், சுண்ணக்கல்லும் பைரைட்டும் கலந்திருப்பதால். சுமார் 1400-ல் இத்தாலியில் சென்னினோ சென்னினி எழுதிய கைந்நூல் இதற்கு ஒரு முறை சொல்கிறது. தூளை மெழுகும் பிசினும் சேர்த்து மாவு போல் பிசைந்து, நாள்கணக்கில் வைத்திருந்து, காரநீருக்குள் கையால் பிழிய வேண்டும். நீலம் நீரில் இறங்கும், அழுக்கு மெழுகில் தங்கும். முதல் பிழிவில் வருவதுதான் உயர்ந்த நீலம். கடைசியில் சாம்பல். இத்தனைக்குப் பிறகு அதன் விலை என்னவாக இருக்கும்? ஃப்ளாரன்ஸில் ஓவியர் கிர்லாந்தயோ 1485-ல் அநாதைக் குழந்தைகள் விடுதித் தேவாலயத்துக்கு ஒரு படம் வரைந்து தர ஒப்பந்தம் எழுதினார். அதில் நீலம் அவுன்ஸுக்கு நாலு ஃப்ளாரின் மதிப்புள்ளதாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. வீட்டுக்குத் தேக்குதான் போட வேண்டும் என்று நாம் மேஸ்திரியிடம் எழுதி வாங்குவதைப் போல. ஐரோப்பிய ஓவியங்களில் மரியாளின் மேலாடை நீலமாக இருப்பதற்குச் சமய விளக்கங்கள் எத்தனையோ உண்டு. ஒன்றையும் நான் மறுக்கவில்லை. ஆனால் கிடைப்பதிலேயே விலையுயர்ந்ததை அன்னைக்குச் சாத்துவது என்பது நம் ஊரில் எவருக்கும் விளக்கம் தேவைப்படாத விஷயம்.

பிறகு வேதியியல் வந்தது. 1700-களின் தொடக்கத்தில் பெர்லினில் தற்செயலாகப் பிரஷ்ய நீலம் பிறந்தது. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பேரலை அந்த நீலம் இல்லாமல் எழுந்திருக்காது. லாபிஸுக்கு ஈடான நீலத்தைச் செய்பவருக்கு 6000 ஃபிராங்க் பரிசு என்று 1824-ல் பிரெஞ்சுத் தொழில் வளர்ச்சிச் சங்கம் அறிவித்தது. 1828-ல் பரிசு ழான்-பாப்டிஸ்ட் கிமேவுக்குப் போனது. களிமண், சோடா, கந்தகம், கரி. இந்த நாலையும் சூளையில் சுட்டார். பதக்‌ஷான் கல்லிலும் இந்தச் சூளைத்தூளிலும் நீலத்தைத் தருவது படிகக் கூண்டுக்குள் அடைபட்ட கந்தக அணுக்கள்தான், மூன்று மூன்றாக. மஞ்சள் கந்தகத்திலிருந்து நீலம் வரும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்! விலை சரிந்தது. சரிந்து சரிந்து எங்கே வந்து நின்றது தெரியுமா? நம் வீட்டுத் துணி துவைக்கும் கல்லருகே. வேட்டிக்குக் கடைசி அலசலில் போடும் பொட்டல நீலத்தூள் கிமே சூளையில் சுட்ட அதே நீலம், அல்ட்ராமரைன்தான், வெள்ளைத்துணியில் ஏறும் மஞ்சளை அது சமன்செய்கிறது. பொங்கலுக்குச் சுவரில் அடிக்கும் சுண்ணாம்பிலும் ஒரு சிட்டிகை விழும். மரியாளின் மேலாடையிலிருந்து வேட்டி அலசும் வாளிக்கு நானூறு ஆண்டுகளில் வந்து சேர்ந்தது ஒரே பொருள். அதே நீலம், அதே அமைப்பு. பொருள் மட்டும் மாறிவிட்டது, விலை மாறியதால். நிறத்துக்குள்ளேயே பொருள் குடியிருக்கிறது என்று சொல்பவர்கள் இந்த வாளிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஓவியத்தின் நீலம் கல்லிலிருந்து. துணியின் நீலம் இலையிலிருந்து. அதுதான் நம் சொந்தக் கதை. விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் இன்றும் அவுரி பயிராகிறது. பூக்கும் சமயத்தில் செடியை அறுத்து அன்றைக்கே தொட்டியில் அடுக்கி, மிதக்காமல் பாரம் வைத்து, தண்ணீர் நிரப்பி இரவு முழுக்க ஊறவிடுகிறார்கள். காலையில் நீர் மஞ்சள் கலந்த பச்சை. நீலத்தின் சுவடே இருக்காது. அடுத்த தொட்டிக்கு அதை வடித்து, ஆட்கள் உள்ளே இறங்கிக் காலால் உதைத்து உதைத்துக் கலக்குவார்கள். காற்று உள்ளே போக வேண்டும் என்பதுதான் விஷயம். நுரை பச்சையாகி, பிறகு நீலமாகும். அடியில் படிந்த சேற்றை எடுத்துக் காய்ச்சி, வடிகட்டி, அழுத்தி, கட்டியாக வெட்டிக் காயவைக்கிறார்கள்.

இந்தக் கட்டி தண்ணீரில் கரையாது. சாயக்காரரின் வித்தை இனிமேல்தான். சுண்ணாம்பும் வேகவைத்த தகரை விதையும் சேர்த்துத் தாழியில் புளிக்கவிடுவார்கள். புளிப்பு நீலத்தை ஒடுக்க வினைக்கு உட்படுத்தி அதைக் கரைய வைக்கிறது. தாழி பதமாக இருக்கிறதா என்று மூக்கால் சொல்லிவிடுகிற மூத்த சாயக்காரர்கள் உண்டு. நூலை முக்கி எடுத்தால் பச்சை மஞ்சளாக வரும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும்.  

இந்த நீலத்துக்கும் விலை உண்டு. அதைக் கொடுத்தவர்கள் வேறு. புதுச்சேரியைச் சுற்றி நெய்து அவுரியில் தோய்த்த துணியைப் பிரெஞ்சு வணிகர்கள் ‘கினே’ என்ற பெயரில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் இத்தகைய துணிக்கு மனிதர்களே வாங்கப்பட்டார்கள். பின்னர் செனகல் ஆற்றங்கரையில் அது பணமாகவே புழங்கியது. அங்கிருந்து வேலம் பிசின் வாங்க நீலத்துணியைத்தான் எண்ணிக் கொடுத்தார்கள். அந்தப் பிசின் ஐரோப்பாவில் துணிக்கு அச்சுப் போடுவதற்குப் போனது. நம் தறியில் பிறந்த ஒரு நீலம் இரண்டு கண்டங்களுக்கு நடுவே நாணயமாக நின்றதை நம் பாடநூல்களில் நான் கண்டதில்லை.

வங்கத்திலும் பீகாரிலும் நடந்ததை ஓரளவு அறிவீர்கள். 1859-ல் வங்கக் குடியானவர்கள் இனி அவுரி விதைக்க மாட்டோம் என்று எழுந்தார்கள். மறுவருடமே தீனபந்து மித்ராவின் ‘நீல் தர்பண்’ நாடகம் வெளிவந்தது. பீகாரின் சம்பாரணில் இருபது கட்டா நிலத்தில் மூன்று கட்டாவில் தோட்டக்காரத் துரைக்காக அவுரி போட்டே ஆக வேண்டும் என்ற முறை தொடர்ந்தது. இதற்கிடையே ஜெர்மனியில் அடால்ஃப் ஃபான் பேயர் அவுரி நீலத்தை ஆய்வுக்கூடத்திலேயே செய்துவிட்டார், 1897-ல் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அவுரியின் விலை விழுந்ததும் சம்பாரண் விவசாயிக்கு விடுதலை வந்திருக்க வேண்டும், இல்லையா? வரவில்லை. அவுரியிலிருந்து உன்னை விடுவிக்கிறேன், பதிலுக்குக் குத்தகையைக் கூட்டிக் கொடு என்றார்கள் துரைமார்கள். 1917-ல் காந்தி அங்கே போனபோது அவர் பதிவு செய்த வாக்குமூலங்கள் செத்துக்கொண்டிருந்த ஒரு நிறத்தின் கணக்குவழக்கு. பேயருக்கு 1905-ல் வேதியியல் நோபல். நம் ஊர் விடுதலைப் போரின் வரலாற்றில் அவர் பெயரும் ஒரு மூலையில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி நேரத்தில் எப்படியும் ஒருவர் கேட்பார் என்பதால் கண்ணனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் பாடல்களில் மாயோன் கருமை, கார்மேகம், கடல், காயாம்பூ. கருவறையில் கருங்கல். தஞ்சாவூர்ப் பலகைப் படங்கள் பலவற்றில் வெண்ணெய் உண்ணும் குழந்தை வெளிறிய மேனியோடு இருக்கிறான். அப்படியானால் நமக்குத் தெரிந்த வெளிர்நீலக் கண்ணன் எப்போது நிலைபெற்றான்? ஓவியனின் சிக்கலை நினைத்துப் பாருங்கள். கரிய மேனியின்மேல் கண்ணின் கோடும் புருவமும் நகையும் தெரிய வேண்டும். நீலம் அந்தச் சிக்கலைத் தீர்க்கிறது, இருளாகவும் இருக்கிறது, கோட்டையும் காட்டுகிறது. 1894-ல் ரவிவர்மா மும்பையில் அச்சகம் தொடங்கிய பிறகு தெய்வப் படங்கள் வீட்டுக்கு வீடு போயின. பிறகு சிவகாசி காலண்டர். நான்கு மை அச்சில் ஒரு மை ஏற்கெனவே நீலம். மலிவான, வெளிறாத, தாலோசயனின் நீலம். இப்படி ஒரு மேனி நிறத்தை அச்சு இயந்திரம் விதித்துவிட்டது என்று நான் கருதுகிறேன். இதில் கோபப்பட ஒன்றுமில்லை. பக்தர்களுக்கு அது உண்மையான நிறமாகிவிட்டது, அதுவும் நிறத்தின் வரலாறுதான்.

முடிக்கும் முன் இந்தக் கல்லூரிக்கு ஒரு விண்ணப்பம். நம் அருங்காட்சியகங்களில் ஓவியத்தின் கீழே காலமும் பாணியும் எழுதியிருக்கிறார்கள். துணிக்குக் கீழே ஊரும் நூற்றாண்டும். அந்த நீலம் கல்லா, இலையா, சூளையில் சுட்டதா என்று எழுதியிருப்பது அபூர்வம். இன்று ஓவியத்தைத் தொடாமலே, ஒளியை வைத்தே அதைக் கண்டறியும் கருவிகள் இருக்கின்றன. உங்கள் கல்லூரியில் இயற்பியல் துறையும் ஓவியத் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன, நடுவில் ஒரு சிற்றுண்டிச் சாலைதான். இரண்டு துறை மாணவர்களும் சேர்ந்து, பக்கத்து மாவட்டக் கோயில் ஒன்றின் விதான ஓவியத்தில் உள்ள நீலத்தை மட்டுமாவது பட்டியலிடலாம். அதைவிட அவசரமானது இன்னொன்று. தாழியின் பதம் மூக்கால் அறிந்த சாயக்காரர்கள் மிகச் சிலரே இருக்கிறார்கள், அவர்களுடைய அளவும் பக்குவமும் எங்கும் எழுதப்படவில்லை. அடுத்த அவுரி அறுவடைக்குள் ஒரு குறிப்பேட்டோடு அவர்களிடம் போய் உட்காருங்கள். இந்த அறக்கட்டளையின் அடுத்த ஆண்டுச் சொற்பொழிவை அவர்களில் ஒருவரைக் கொண்டே நிகழ்த்தும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.